சாட் ரூமுக்குப் புதுசா? "தனியா வாங்க"ன்னு கூப்பிடுறவங்ககிட்ட முதல்ல உஷாரா இருங்க

டெலிகிராம் குரூப், டிஸ்கார்ட் சர்வர், கேம் ஆடுறப்ப ஓரத்துல ஓடுற சாட், வாய்ஸ் ரூம், எதுவா வேணா இருக்கட்டும், முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க கூடிப் பேசுற எடத்துக்கு முதல் தடவையா போறவங்களுக்காக இத எழுதுறேன். நான் 2004ல இருந்து தமிழ் சாட் ரூம்கள்ல இருக்கேன். பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு குடுத்து உக்காந்து "ஏஎஸ்எல் ப்ளீஸ்"னு வயசு, ஆணா பொண்ணா, ஊரு மூணையும் ஒரே வரில கேட்ட காலம் அது. யாஹூ 2012 டிசம்பர்ல பொது சாட் ரூம்கள மூடிச்சு, ஒமேகிள்னு இருந்த சாட் தளத்த 2023 நவம்பர்ல மூடினாங்க, ரூம் மூடினாலும் ஆளுங்க வேற ரூமுக்குப் போயிடுறாங்க, ஏமாத்துறவங்களும் பின்னாடியே வந்துடுறாங்க. இப்ப நான் ஒரு குரூப்புக்கு அட்மின். நடுவுல ஒரு தடவ நல்லா ஏமாந்தேன், அதையும் சொல்றேன்.

1. உள்ள போறதுக்கு முன்னாடி

பட்டப்பேரு ஒண்ணு வச்சுக்கோங்க, சொந்தப் பேரு வேணாம். உடனே ஒரு கேள்வி வரும், நாமளே பொய்ப்பேருல போறோமே, அப்ப நாமளும் ஏமாத்துறோமான்னு. இல்லங்க. பேர மறைக்கிறது வேற, இல்லாத ஒரு ஆள உருவாக்கி அந்த ஆளுக்காக மத்தவங்க அழணும், காசு அனுப்பணும், படம் அனுப்பணும்னு செய்யுறது வேற. எங்க குரூப்ல ஒருத்தங்க ஆறு வருஷமா ஆம்பள பேருலதான் இருக்காங்க, ஏன்னா பொண்ணு பேருல வந்த முதல் ராத்திரியே இன்பாக்ஸ் நிறைய "ஹாய் செல்லம்"னு வந்து குவிஞ்சுது. அவங்க இதுவரைக்கும் யாருகிட்டயும் எதுவும் வாங்கல, யாரையும் அழ வைக்கல. அதனால "இந்தப் பேரு நெசமா"ன்னு துருவாதீங்க, "இந்தப் பேர வச்சுக்கிட்டு என்கிட்ட என்ன கேக்கப் போறாங்க"ன்னு பாருங்க.

டெலிகிராம்னா ப்ரைவசி செட்டிங் போயி போன் நம்பர 'நோபடி'ன்னு வைங்க, குரூப்ல சேக்குற உரிமைய 'மை காண்டாக்ட்ஸ்'னு வைங்க, டூ ஸ்டெப் வெரிபிகேஷன் பாஸ்வேர்ட் போடுங்க. டிபிக்கு வேற எங்கயும் போடாத படமா வைங்க, பூ படம் கூட போதும். ஃபேஸ்புக்ல இருக்கிற அதே போட்டோவ இங்கயும் வச்சா ஒரே தேடல்ல உங்க ஆபீஸ் வரைக்கும் வந்து நிப்பாங்க. போட்டோ அனுப்புறப்ப போட்டோவாவே அனுப்புங்க, 'ஃபைல்'னு அனுப்பினா எந்த எடத்துல எடுத்ததுங்கிற விவரம் உள்ளயே ஒட்டிக்கிட்டு போகலாம். ஊரு கேட்டா மாவட்டம் சொன்னா போதும். பிள்ளைங்க யூனிபார்ம், வீட்டு வாசல், வண்டி நம்பர் இதெல்லாம் தெரியிற படம் வேணவே வேணாம்.

2. ரெண்டு வாரம் சும்மா பாருங்க

புதுசா வந்தவங்க வணக்கம் சொன்ன உடனேயே பேச ஆரம்பிச்சுடுறாங்க, கல்யாணம் ஆச்சா, தனியா இருக்கீங்களா, என்ன வேலன்னு கேட்டா எல்லாத்துக்கும் பதில். அவசரமே இல்ல. யாரு யாரு பழைய ஆளு, யாரு எத்தன மணிக்கு வர்றாங்க, யாரு சொன்னா மத்தவங்க கேக்குறாங்க, சண்ட வந்தா அட்மின் என்ன பண்றாரு, இதெல்லாம் பாத்துக்கிட்டே இருங்க. முக்கியமா ஒண்ணு கவனிங்க, ரூம்ல அதிகம் பேசாம, புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனியா மெசேஜ் போடுற ஆளு யாருன்னு. அது உங்களுக்கு நேரா தெரியாது, ஆனா ரூம்லயே "எனக்கு இவரு தனியா மெசேஜ் போட்டாரு, தெரிஞ்சவரா"ன்னு ஒரு வரி கேளுங்க. கேட்டா தப்பா நினைப்பாங்களோன்னு கூச்சப்படாதீங்க, நல்ல ரூம்ல அப்படிக் கேக்குறவங்கள அட்மினுக்குப் புடிக்கும், எனக்குப் புடிக்கும்.

3. தனியா கூப்பிட்டா

இத்தன வருஷத்துல நான் பாத்த ஏமாத்து வேலை எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு உண்டுன்னா அது இதுதான், ரூம விட்டு வெளிய கூட்டிட்டுப் போறது. "இங்க கும்பலா இருக்கு, வாட்ஸாப் வாங்க." "இவங்க யாரும் சரியில்ல, உங்ககிட்ட மட்டும் சொல்றேன்." "இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க." ரூம்ல அம்பது பேரு இருந்தா நூறு கண்ணு, போன வாரம் சொன்னதுக்கும் இன்னிக்கு சொல்றதுக்கும் இடிக்கிறத யாராவது ஒருத்தர் பாத்துடுவாங்க. தனியா வந்துட்டா உங்க ரெண்டு கண்ணு மட்டும்தான், அதுவும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மனசு கனத்துக் கெடக்குறப்ப.

என் கதைய சொல்றேன். நான் இருந்த ரூம்ல ஒரு அக்கா இருந்தாங்க, துபாய்ல நர்ஸ்னு சொன்னாங்க. எங்கப்பா தவறின மாசம், வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் நான் ஆன்லைன் வருவேன், அவங்க இருப்பாங்க, "தம்பி சாப்டியா, அம்மா எப்படி இருக்காங்க"ன்னு தினமும் கேப்பாங்க. சொந்தக்காரங்க காரியம் முடிஞ்சு ஊருக்குப் போன பிறகும் அந்த ஒரு குரல் மட்டும் கூடவே இருந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அப்புறம் ஒரு நாள் அவங்க பையனுக்கு ஆபரேஷன், கைல காசு இல்ல, கேக்கவே வெக்கமா இருக்கு தம்பின்னாங்க, நான் ஆறாயிரம் போட்டேன், அப்ப எனக்கு அது அர மாச சம்பளம். "ரூம்ல சொல்லிடாத, மானம் போயிடும்"னாங்க, நானும் சொல்லல.

அந்த ஒரு வார்த்தையிலதான் மொத்தமும் நின்னுச்சு. எனக்கு பையன்னு சொன்னவங்க இன்னொருத்தருகிட்ட பொண்ணுன்னு சொல்லியிருக்காங்க, ஒருத்தருகிட்ட இதயம், ஒருத்தருகிட்ட கிட்னி. நாங்க எல்லாரும் தினமும் ஒரே ரூம்ல பேசிக்கிட்டுதான் இருந்தோம், ஆனா இத மட்டும் யாரும் யாருகிட்டயும் பேசல. ஆஸ்பத்திரி பில்லுன்னு ஒரு படம் அனுப்பினாங்க, அதுல தேதி மாசம் முதல்ல வந்து நாளு அப்புறம் வந்துச்சு, நம்ம பக்கம் எந்த பில்லுலயும் அப்படி வராது, பாத்தேன், பாத்தும் ஒதுக்கிட்டேன். பேங்க் அக்கவுண்ட்ல இருந்தது ஆம்பள பேரு. "வீட்டுக்காரர் பேரு"ன்னாங்க, நம்பினேன். அக்கான்னு ஒருத்தங்க இல்லவே இல்ல.

இது ஒண்ணும் புதுசு இல்லங்க. 1980லயே அமெரிக்காவுல காம்ப்யூசர்வ்னு ஒரு கம்பெனி சாட் வசதி கொண்டு வந்துச்சு. அந்தக் காலத்துலயே அங்க 'ஜோன்'னு ஒரு பொண்ணு ரொம்பப் பிரபலம். நியூயார்க்ல நரம்பு உளவியல் நிபுணர், கார் விபத்துல காதலனப் பறிகொடுத்தவ, தனக்கு முகம் சிதைஞ்சு போச்சு, பேச்சும் சரியா வராது, அதனால நேர்லயும் பாக்க மாட்டா, போன்லயும் பேச மாட்டா. எத்தனையோ பொண்ணுங்க அவங்கவங்க மனசுல இருக்கிறதெல்லாம் அவகிட்ட கொட்டினாங்க. கடைசில பாத்தா அது நியூயார்க்ல இருந்த ஒரு ஆண் மனநல டாக்டர். 1985ல பத்திரிகையில வந்தப்ப பெரிய அதிர்ச்சி. அந்தப் பொய் எப்படிக் கட்டியிருக்குன்னு பாருங்க, "நேர்ல வா"ன்னு கேட்டா கேக்குறவங்கதான் ஈவு இரக்கம் இல்லாதவங்க ஆயிடுவாங்க. கேக்குறதே பாவம்னு உங்களுக்குத் தோணுற எடம் ஒண்ணு வந்தா, அங்கதான் கேக்கணும்.

2001ல இன்னொண்ணு. கேசி நிக்கோல்னு ஒரு பொண்ணு, ரத்தப் புற்றுநோய்னு தினமும் இணையத்துல எழுதிக்கிட்டு வந்தா, ஆயிரக்கணக்கானவங்க படிச்சாங்க, போன்ல கூட சிலர் பேசினாங்க. மே மாசம் இறந்துட்டான்னு சேதி வந்துச்சு. பூ அனுப்ப அட்ரஸ் குடுங்கன்னு கேட்டா குடுக்கல, பேப்பர்ல இறப்புச் செய்தி இல்ல. அப்புறம் ஒரு கும்பலே உக்காந்து, ஒவ்வொருத்தருக்கும் தெரிஞ்சத ஒரே எடத்துல கொண்டு வந்து வச்சு பாத்தாங்க, சில நாள்ல உடைஞ்சுது, கான்சாஸ்ல இருந்த ஒரு அம்மா வேஷம் போட்டு நடத்தின பொண்ணு அது, படத்துல இருந்தது இதெல்லாம் எதுவுமே தெரியாத ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரி. தனித்தனியா இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியல, சேந்து பேசின உடனே தெரிஞ்சுது.

அதனால நீங்க செய்ய வேண்டியது: குறைஞ்சது மூணு மாசத்துக்கு ரூம்லயே பேசுங்க. தனியா பேசணும்னா அந்த ஆப்லயே பேசுங்க, வாட்ஸாப் நம்பர் குடுக்காதீங்க. தனியா சொன்ன ஒரு சாதாரண விஷயத்த, ரகசியம் இல்லாதத, ரூம்ல சும்மா எடுத்து விடுங்க, "அண்ணே நீங்க சேலம்னுதானே சொன்னீங்க"ன்னு. நெசமான ஆளு ஆமான்னுட்டு போயிடுவாரு, வேஷம் போடுறவரு அன்னிக்கு ராத்திரியே உங்களுக்கு மெசேஜ் போட்டு "ஏன் அங்க சொன்னீங்க"ன்னு கோவிச்சுப்பாரு.

4. எழுத்தப் பாருங்க, அப்புறம் படத்தப் பாருங்க

நிறைய பேரு முதல்ல போட்டோவத்தான் தேடுறாங்க, தேடுங்க, கூகுள் லென்ஸ்லயும் டின்ஐலயும் போட்டுப் பாருங்க, திருடின படமா இருந்தா பல நேரம் அசல் ஆளு அங்கயே கெடப்பாங்க. ஆனா இப்ப ஏஐல உருவாக்கின முகத்துக்கு அசலே கிடையாது, தேடினா ஒண்ணும் வராது. ஒண்ணும் வரலன்னா நெசம்னு அர்த்தம் இல்ல.

எழுத்து அப்படி இல்ல. தினமும் எழுதுற எழுத்துல வேஷம் போடுறது ரொம்பக் கஷ்டம். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கிறப்ப ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை இருக்கு. 'எப்டி'ன்னு அடிக்கிறவங்க, 'எப்பிடி'ன்னு அடிக்கிறவங்க, 'யெப்படி'ன்னு அடிக்கிறவங்க. ழவுக்கு இசட்டும் எச்சும் போடுறவங்க, வெறும் எல் போடுறவங்க. 'சாப்டியா' 'சாப்ட்டீங்களா' 'சாப்டாச்சா'. புள்ளி மூணு வச்சு வாக்கியத்த முடிக்கிறவங்க. ரெண்டு ஐடி ஒரே கையோட எழுதினா, அதுவும் ஒருத்தர் சொன்ன உடனே இன்னொருத்தர் வந்து "கரெக்ட்டா சொன்னீங்க"ன்னா, அது ஒரே ஆளா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நான் இதுவரைக்கும் புடிச்ச டூப்ளிகேட் ஐடி முக்காவாசி இப்படிப் புடிச்சதுதான்.

இதுக்குத் தலைகீழாவும் நடக்கும், ஒரே ஐடிக்குள்ள ரெண்டு கை. பகல்ல ஒரு மாதிரி எழுதுறாங்க, ராத்திரி வேற மாதிரி, நேத்து சொன்னது இன்னிக்கு ஞாபகம் இல்ல. அப்படின்னா அந்த ஐடி பின்னாடி ஆளு மாறி மாறி உக்காறாங்கன்னு அர்த்தம். மியான்மர், கம்போடியா பக்கம் பெரிய பெரிய காம்பவுண்டு கட்டி இதையே ஷிஃப்ட் போட்டு செய்யுறாங்க. மியான்மர்ல குறைஞ்சது 1,20,000 பேரு, கம்போடியாவுல சுமார் 1,00,000 பேரு இந்த வேலையில கட்டாயப்படுத்தி அடைச்சு வைக்கப்பட்டிருக்கலாம்னு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட்ல சொல்லுச்சு. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு ஏஜென்ட் பேச்ச நம்பிப் போயி மியான்மர்ல இருக்கிற மியாவடில மாட்டிக்கிட்ட நம்ம தமிழ்ப் பசங்களும் அதுல இருந்தாங்க, 2022ல சிலர் மீட்டு வந்தாங்க. உங்ககிட்ட அழகா பேசுற "பொண்ணு" பின்னாடி அடிக்குப் பயந்து டைப் பண்ற ஒரு பையன் இருக்கலாம்னு நினைக்கிறப்ப எனக்கு வயித்தப் பிசையும். அதுக்காக காசு அனுப்பிடாதீங்க, அவனுக்கு அதுல ஒரு பைசா கூடப் போகாது.

அடுத்தது வட்டார வழக்கு. யாழ்ப்பாணம்னு சொல்லிட்டு மாசக்கணக்குல ஒரு 'ஓம்' வரல, 'கதைக்கிறது' வரல, 'கெதியா' வரல. திருநெல்வேலின்னு சொல்லிட்டு சினிமால வர்ற மாதிரி வரிக்கு வரி 'ஏலேய்' மட்டும் போடுறாங்க, ஆனா தன்னையறியாம ஒரு 'வந்தாவ', 'சொன்னாவ' நழுவல. கோயமுத்தூர்னா அந்த 'ங்க' சண்டையில கூட வந்து விழும். இத மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, யாழ்ப்பாணத்து ஆளுங்க நம்மகிட்ட பேசுறப்ப நம்ம பேச்சுக்கு மாறிக்கிறது சகஜம், சின்ன வயசுலயே ஊரு மாறினவங்களும் உண்டு. இது ஒரு மணி அடிக்கிறது மாதிரி, அவ்வளவுதான். "நீங்கள் இரவு உணவு உட்கொண்டீர்களா அன்பே"ன்னு யாராவது கேட்டா மட்டும் யோசிக்கவே வேணாம், அது மெஷின் தமிழ்.

ஊரப் பத்தி கேக்குறப்பவும் கூகுள்ல கிடைக்கிறத கேக்காதீங்க. மதுரைன்னா மீனாட்சி அம்மன் கோயில் எங்க இருக்குன்னு கேட்டு என்ன ஆகப் போவுது. "உங்க பக்கம் இன்னிக்கு கரண்ட் போச்சா", "காலைல பால் எத்தன மணிக்கு வரும்", "பக்கத்து பஸ் ஸ்டாப் பேரு என்ன", இப்படி. பதில் தப்பா சரியான்னு உங்களால சரிபாக்க முடியாட்டியும் பரவால்ல, அந்த ஊருக்காரங்க ரூம்ல ஒருத்தராவது இருப்பாங்க.

ஆப்லயே இருக்கிற வசதியையும் பாருங்க. இன்ஸ்டாகிராம்ல ப்ரொஃபைல் போயி 'அபவுட் திஸ் அக்கவுண்ட்' அமுக்கினா எந்த மாசம் ஆரம்பிச்சது, எந்த நாட்டுல இருந்து ஓடுதுன்னு பல கணக்குக்கு காட்டும். டெலிகிராம்ல முன்னப்பின்ன தெரியாதவங்க முதல் மெசேஜ் போட்டா, அவங்க நம்பர் எந்த நாடு, எப்ப சேந்தாங்கன்னு மேலயே ஒரு சின்னப் பெட்டி வரும். கும்பகோணத்து டீச்சர்னு சொல்றவங்க நம்பர் வேற நாடா இருந்து கணக்கு போன மாசம் தொடங்கினதா இருந்தா, அதுக்கு ஒரு விளக்கம் கேளுங்க.

5. தெரிஞ்ச ஆளு ஐடியிலயே வேற ஆளு

இத தனியா சொல்லணும். ரெண்டு வருஷம் பழகின ஃப்ரெண்ட் ஐடில இருந்து "என் கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, அனுப்புங்க"ன்னு வரும். அது உங்க கணக்கோட லாகின் கோடு. அனுப்பின நிமிஷம் உங்க கணக்கு போச்சு, அடுத்து உங்க பேருல உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காசு கேப்பாங்க. எந்தக் கோடும் யாருக்கும் கிடையாது.

6. காசுன்னு வந்தா

சாட்ல மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு காசு அனுப்பவே அனுப்பாதீங்கன்னுதான் சொல்லுவேன். மனசு கேக்கல, அனுப்பியே ஆகணும்னா, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க, நம்பர அவங்க குடுத்ததுல இருந்து எடுக்காம நீங்களே தேடி எடுங்க, காச ஆஸ்பத்திரி கணக்குக்கே நேரா கட்டுறேன்னு சொல்லுங்க. நெசமா கஷ்டப்படுறவங்க அழுதுக்கிட்டே சரின்னுடுவாங்க. யூபிஐல அனுப்புறதுக்கு முன்னாடி திரையில வர்ற பேரப் படிங்க, அவங்க சொன்ன பேருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னா அங்கயே நிறுத்துங்க. உங்களுக்கு காசு வர்றதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்ல, போடச் சொன்னா உங்க காசு போகுதுன்னு அர்த்தம். கிரிப்டோ, ட்ரேடிங் ஆப்னு ஆரம்பிச்சு முதல்ல சின்னத் தொகை லாபமா திருப்பித் தருவாங்க, அந்த சின்னத் தொகைதான் தூண்டில் புழு.

7. வீடியோ கால்

வீடியோ கால்ல முகம் பாத்துட்டேன், நெசம்தான்னு நினைக்காதீங்க. 2024ல ஹாங்காங்ல ஒரு கம்பெனி ஊழியர் வீடியோ மீட்டிங்ல தன்னோட பெரிய அதிகாரியப் பாத்து, அவரு சொன்னபடி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிட்டாரு, அந்த மீட்டிங்ல இருந்த அதிகாரிங்க எல்லாம் டீப்ஃபேக், அதாவது ஏஐல உருவாக்கின போலி ஆளுங்க. தலைய பக்கவாட்டுல திருப்பச் சொல்லலாம், கைய முகத்துக்கு குறுக்க ஆட்டச் சொல்லலாம், சில நேரம் படம் கலங்கும், ஆனா அதையே முழுசா நம்ப முடியாது.

தெரியாத ஆளுகிட்ட இருந்து ராத்திரி வர்ற வீடியோ கால எடுக்காதீங்க. எடுத்த உடனே ஒரு பொண்ணு துணி இல்லாம நிக்கும், உங்க முகத்தோட சேத்து ரெக்கார்ட் பண்ணிடுவாங்க, அடுத்த நாள் "சைபர் போலீஸ் பேசுறேன்"னு ஒருத்தன் வந்து கேஸ் வேணாம்னா இவ்வளவு கட்டுன்னு மிரட்டுவான். அந்த போலீசும் அதே கும்பல்தான். கட்டாதீங்க, ஒரு தடவ கட்டினா இவன் கட்டுவான்னு தெரிஞ்சு திரும்பத் திரும்ப வருவாங்க.

8. மாட்டிக்கிட்டா

முதல்ல ஸ்க்ரீன்ஷாட். அந்த ஆளுகிட்ட "நீ பொய்யா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, ஏன்னா டெலிகிராம்ல அவங்க நினைச்சா உங்க பக்கத்து சாட்டையும் சேத்து அழிச்சுட முடியும். யூசர்நேம், நம்பர், தேதி, பணம் போனதுக்கு பேங்க் குடுக்குற யூடிஆர் நம்பர் எல்லாம் தெரியணும். அதுக்கப்புறம் ரிப்போர்ட், ப்ளாக்.

காசு போயிருந்தா இந்தியாவுல 1930க்கு அந்த நிமிஷமே போன் பண்ணுங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, அடுத்த கணக்குக்கு மாத்துறதுக்குள்ள நிறுத்த முடிஞ்சாதான் உண்டு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல புகார் பதியலாம். ஆள் மாறாட்டம் பண்ணி கம்ப்யூட்டர் வழியா ஏமாத்தினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஏமாந்தா போன் பண்ண வேண்டிய நம்பர் சிங்கப்பூர்ல 1799, மலேசியாவுல 997. பிள்ளைங்க சம்பந்தப்பட்டதுன்னா இந்தியாவுல 1098, இலங்கையில 1929. அந்தரங்கப் படத்த வச்சு மிரட்டினா ஸ்டாப் என்சிஐஐ டாட் ஆர்க்ல போயி பதியுங்க, படத்த அவங்களுக்கு அனுப்பவே வேணாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு அடையாளக் குறி உருவாக்கி அத மட்டும்தான் எடுத்துக்கிட்டு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்கள்ல ஏறாம தடுக்கப் பாப்பாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா டேக் இட் டவுன்னு இதே மாதிரி தனியா ஒண்ணு இருக்கு. வீட்ல பிள்ளை வந்து இப்படி ஆயிடுச்சுன்னு சொன்னா போன புடுங்காதீங்க, புடுங்கினா அடுத்த தடவ உங்ககிட்ட வராது, மிரட்டுறவன்கிட்டயே கெஞ்சிக்கிட்டு கெடக்கும்.

கடைசியா, ரூம்ல சொல்லுங்க. இதுதான் எனக்கு ரொம்ப நாள் வராத தைரியம். கிட்டத்தட்ட மூணு வாரம் டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ரூம்ல எல்லாரும் ஏதோ பிரியாணி பத்தி பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒரே வரி போட்டேன்: "அக்கா பையன் ஆபரேஷனுக்கு நான் ஆறாயிரம் அனுப்பியிருக்கேன், வேற யாராவது அனுப்பினீங்களா?" ரூம் அப்படியே நின்னுடுச்சு. ரெண்டு நிமிஷம் கழிச்சு ஒருத்தர் "நாலாயிரம்"னு மட்டும் எழுதினாரு. அப்புறம் இன்னொருத்தர். சாயங்காலத்துக்குள்ள பதினோரு பேரு அவங்கவங்க தொகைய எழுதியிருந்தாங்க.